போணி எண்

இருபத்திரண்டு வருஷமாக நான் ஒரு திருட்டுத்தனம் செய்துவந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

மாவட்ட உறவெண் அலுவலகத்தில் மூன்றாவது கவுண்ட்டர் என்னுடையது. ஜனங்கள் அதை எண்ணாபீஸ் என்பார்கள். மாலை ஐந்தே முக்காலுக்குக் கடைசி ஆளை அனுப்பியதும், கணினியை மூடுவதற்கு முன்னால், அந்த ஆளின் எண்ணுக்குப் பக்கத்தில் என் எண்ணைப் போட்டு ஒப்பு விசையைத் தட்டுவேன். சம்மதம் இல்லாமல் ஒருவர் எண்ணை ஒப்புப் பார்ப்பது குற்றம். பிடிபட்டால் வேலை போகும். தெரிந்தேதான் செய்தேன். அரை நொடியில் பதில் வரும்: ஒன்று. மறுநாள் வேறு ஆள், மறுபடி ஒன்று. வருஷத்துக்கு இருநூற்றைம்பது வேலை நாள் என்று வைத்தால் ஐயாயிரத்து ஐந்நூறு பேர். அத்தனை பேருக்கும் ஒன்றுதான் வந்தது.

ஒன்று என்றால் உறவில்லை என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட, செத்தவர் உடலை வாங்க, எல்லாவற்றுக்கும் எண் சேர வேண்டும். கல்யாணத்தைப் பதிய மட்டும் சேரக் கூடாது. முன்பெல்லாம் பெண் பார்க்க வந்தால் யார் வீட்டுப் பெண் என்று கேட்பார்களாம். இப்போது எண்ணை நீட்டச் சொல்கிறார்கள். என்னைப் போல யாரோடும் எண் சேராதவர்களுக்கு ஊரில் ஒரு பெயர்கூட உண்டு, ஒன்றுக்காரி. போன வருஷம் கால் எலும்பு முறிந்து படுத்தபோது, உறவு என்ற கட்டத்தில் நர்ஸ் அம்மா ஒரு கோடு போட்டார். கோடு போடும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நாகரிகம்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

என் பெயர் லூர்து. மேலக்கரடு என்ற சின்ன ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லத்தில் வளர்ந்தேன். என்னை யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. கணக்கு நன்றாக வந்தது, அதனால் வேலை கிடைத்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நப்பாசை. பெற்றவர்களின் எண் என் எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அதே எண்ணைச் சுமந்துகொண்டு யாராவது ஒருநாள் என் கவுண்ட்டருக்கு வந்து நிற்க மாட்டார்களா? அந்த ஆசைதான் தினமும் ஐந்தே முக்காலுக்கு என் விரலை விசைக்குக் கொண்டுபோனது.

ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கடைசியாக வந்தவர் நல்லமாயன். வயது அறுபத்தெட்டு. வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. மனைவி இறந்துபோனதால் ஓய்வூதியத் தாளில் அந்த அம்மாவின் எண்ணை நீக்க வந்திருந்தார். பிள்ளைகள் இல்லை. நான் நீக்கிக் கொடுத்ததும், "அவ்வளவுதானா மேடம்? ஒரு தட்டு தட்டினா ஆள் போயிருச்சா?" என்று கேட்டார். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

வழக்கம்போல விசையைத் தட்டினேன். திரை நிறைய இலக்கங்கள் வந்தன.

மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அழித்துவிட்டு மறுபடி போட்டேன். மூன்றாவது முறையும் அதே எண், இருநூறு இலக்கம். 88213 என்று ஆரம்பித்து 6047 என்று முடிந்தது. கைப்பையைக்கூட எடுக்காமல் படியில் இறங்கி ஓடினேன்.

அவர் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"அய்யா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்," என்றேன் மூச்சிரைக்க. "உங்க எண்ணை என் எண்ணோட ஒப்புப் பார்த்தேன். சேருது."

அவர் கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தார். "எனக்குக் கணக்கு வராது தாயி. வெளங்குற மாதிரி சொல்லு."

"ஒவ்வொருத்தருக்கும் மெஷின் ஒரு பகா எண் குடுக்கும். வேற எந்த எண்ணாலயும் வகுபடாது. அது அவங்களுக்குன்னே உள்ளது, வேற யாருக்கும் வராது. அதோட அப்பா எண்ணையும் அம்மா எண்ணையும் பெருக்கினா வர்றதுதான் உங்க கார்டுல இருக்கற அறுநூறு இலக்கம். அப்பா அம்மா யாருன்னு அன்னைக்கு எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை வச்சுக் கண்டுபிடிச்சாங்க. பெருக்கி முடிச்சதும் ரத்த விவரத்தை அழிச்சுட்டாங்க. இனிமே எண்ணு மட்டும்தான் சாட்சின்னு சட்டம்."

"பெருக்குனத திருப்பிப் பிரிச்சா தெரிஞ்சிராதா?"

"பிரிக்க முடியாது. உலகத்துல உள்ள மெஷினெல்லாம் சேர்ந்தாலும் நம்ம ஆயுசுல முடியாது. ஆனா ரெண்டு பேர் எண்ணைப் பக்கத்துல வச்சா, ரெண்டுலயும் பொதுவா இருக்கறது மட்டும் சட்டுனு வந்துரும். பள்ளிக்கூடத்துல படிச்ச மீப்பெரு பொது வகுத்திதான். இப்ப உங்க எண் பதினஞ்சு, என் எண் முப்பத்தஞ்சுன்னு வைங்க. மூவஞ்சு பதினஞ்சு, ஏழஞ்சு முப்பத்தஞ்சு. ரெண்டுலயும் நிக்கறது அஞ்சு. அந்த அஞ்சு ஒரு ஆளு. நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவான ஆளு."

ஒரு பேருந்து வந்து நின்றது. அவர் ஏறவில்லை.

"யாரு அந்த ஆளு?"

"உங்களுக்கும் எனக்கும் அப்பாவோ அம்மாவோ ஒருத்தரா இருக்கலாம். எனக்கு நாப்பத்தி நாலு வயசு. இல்லேன்னா..."

"இல்லேன்னா?"

"நீங்களே எங்கப்பாவா இருக்கலாம்."

"ஆத்தாடி!" என்று எழுந்தே விட்டார். "நான் அந்தச் சோலிக்கே போனவனில்ல தாயி. கருப்பன் கோயில்ல வந்து சூடம் அடிச்சு சத்தியம் பண்றேன்." பிறகு மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப எங்கப்பன்தான். ஆத்தா பெத்திருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும். உத்தமன்னு நெனச்சு நடுவீட்டுல படம் மாட்டி வச்சிருக்கேன்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ என்ன பண்ணுவ, உன் மேல என்ன தப்பு? அண்ணேன்னு கூப்பிடு," என்றார்.

கூப்பிட்டேன். நாற்பத்து நான்கு வயதில் அந்தச் சொல் வாயில் சரியாக உட்காரவில்லை. இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளாயின. அதற்கு முன்னால் அவை துணி துவைக்கும் நாட்கள். அண்ணனும் மேலக்கரட்டிலேயே இருந்தார், பேருந்தில் ஒரு மணி நேரம். நான் போய்ச் சேருவதற்குள் கோழியோ மீனோ எடுத்து, கழுவி, மசாலா தடவி வைத்திருப்பார். சமையல் அவரே. நான் வெங்காயம் உரித்தால், "இத்தன பெருசாவா அரிவாங்க?" என்று கத்தியைப் பிடுங்கிக்கொள்வார். அவர் வீட்டுச் சுவரில் ஒரு செவ்வகம் மட்டும் சுண்ணாம்பு மங்காமல் வெளுப்பாக இருந்தது. அவருடைய அப்பா படம் மாட்டியிருந்த இடம். படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டார். நான் உள்ளே வரும்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்க்காதது மாதிரி இருப்பேன்.

அவர் அந்த ஊரில் இருந்த பழைய பதிவு அலுவலகத்தில்தான் கடைநிலை ஊழியராக முப்பது வருஷம் வேலை பார்த்தவர். நாடெங்கும் எண் கொடுத்த காலத்திலிருந்து ஓய்வு பெறும் வரை அந்தக் கட்டடத்தைத் திறந்து பூட்டியது அவர்தான். சாப்பிட்டு முடித்ததும் அந்தக் கதைகள் வரும்.

"முத நாளு மெஷின் வந்துச்சு. ஆபரேட்டர் சாரு, மாயா, உனக்குக் கைராசி உண்டு, நீ போணி பண்ணுன்னாரு. ஊர்லயே முத எண்ணு எனக்குத்தான். மெஷினுக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, நான்தான் முத விரல வச்சேன்."

"நானும் அங்கதான்ணே வச்சேன். இல்லத்துல இருந்து வேன்ல கூட்டிட்டு வந்தாங்க. சிஸ்டருக்கு எங்கயும் முதல்ல போய் நிக்கணும். உயரப்படி வரிசை. நான்தான் குட்டை."

"அப்ப அன்னைக்கு நீ போணியா!" என்று சிரித்தார். "சாயங்காலம் பூட்டும்போது பாரு, மெயினை ஆஃப் பண்ணாம நான் ஒருநாள்கூட வந்ததில்ல. பக்கத்து ஆபீஸ் ஒண்ணு மின்கசிவுல எரிஞ்சு போச்சு, அப்பலேர்ந்து அப்படி ஒரு ஆர்டரு. மத்தவன்லாம் மறந்துட்டான். நான் மறக்கல. முப்பது வருசம், ஒரு பொட்டு நெருப்பு உண்டா?"

"இல்லண்ணே," என்றேன். வெறும் பெருமைப் பேச்சு என்று ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு எனக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார். கத்தரிப்பூ நிறம், எனக்குக் கொஞ்சமும் பொருந்தாத நிறம். "பொறந்த வீட்டுச் சீலை, வேணாங்கக் கூடாது," என்றார். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஒரு மணி நேரம் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் ஏதோ துக்கம் என்று நினைத்து என் தோளைத் தடவிக் கொடுத்தாள்.

தீபாவளி முடிந்த வாரம் பவுனுத்தாய் வந்தார்.

அவருடைய மகள் சிந்துஜாவுக்கும் கபிலன் என்ற பையனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் வேலை பார்த்து விரும்பியவர்கள். பதிவுக்கு எண் கொடுத்தபோது இரண்டாவது கவுண்ட்டரில் ஒப்புச் சேர்ந்துவிட்டது. உறவுக்குள் கல்யாணம் கூடாது என்பது எண் சட்டம். எண் சேர்ந்தால் அப்பாவோ அம்மாவோ இருவருக்கும் ஒருவரே என்று அர்த்தம். ஆனால் இரண்டு குடும்பத்துக்கும் முன்பின் பழக்கமே கிடையாது. அப்படியானால் என்ன அர்த்தம் என்று ஊர் தானே கணக்குப் போட்டுக்கொண்டது. பவுனுத்தாயின் கணவர் அவரை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்.

"எம் புருசன் வந்து தன் எண்ண குடுத்தா எம் மக அவருக்குப் பொறந்தவன்னு தெரிஞ்சிரும்ல மேடம்? வரமாட்டேங்குறாரு. ஒருவேளை ஒண்ணுன்னு வந்துட்டா என்ன பண்றதுன்னு பயப்படுறாரு. இருபத்தஞ்சு வருசம் கூட இருந்த மனுசன்." ஐம்பது வயதுப் பெண் கவுண்ட்டர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னார்.

பிள்ளைகள் இருவரின் எண்ணையும் என் திரையில் போட்டேன். 88213 என்று ஆரம்பித்தது. 6047 என்று முடிந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். எனக்கு இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்! தம்பி, தங்கச்சி, யாரோ ஏதோ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நொறுங்கிப்போய் நிற்கிறார், இந்தப் பக்கம் நான் சொந்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கபிலனின் பெற்றோர் நல்ல மாதிரி. கூப்பிட்டதும் இரண்டு பேருமே வந்து எண்ணைக் கொடுத்தார்கள். பையனின் எண்ணிலிருந்து அப்பாவோடு பொதுவானதை வகுத்து எடுத்தேன். அம்மாவோடு பொதுவானதையும் வகுத்து எடுத்தேன். மிச்சம் நிற்பது பையனின் சொந்த எண். அவனுக்கென்று பிறந்தது. அவனைத் தவிர அவன் பெறப்போகும் பிள்ளைகளிடம் மட்டும்தான் இருக்க முடியும்.

மிச்சம் நின்றது 88213... 6047.

கபிலனுக்கு வயது இருபத்தாறு. அவனுடைய சொந்த எண் என்னிடம் இருக்கிறது என்றால், ஒன்று அந்தப் பையன் எனக்கு அப்பா. அல்லது மெஷின் தவறு செய்திருக்கிறது.

பதிவேட்டில் நான்கு பேரின் விவரத்தையும் எடுத்தேன். நல்லமாயன், லூர்து, கபிலன், சிந்துஜா. நான்கும் மேலக்கரடு அலுவலகம். நான்கு வேறு தேதிகள், வேறு வருஷங்கள். நேரம் மட்டும் எட்டரையை ஒட்டி. வரிசை எண் நான்கு பேருக்கும் ஒன்று.

போணி. அப்புறம் மெயின். உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம்.

பதினொரு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பவுனுத்தாய் தினமும் வந்தார். "நாளைக்கு வாங்க, மேலிடத்துக்கு எழுதியிருக்கேன்," என்று தினமும் பொய் சொன்னேன். இதில் உண்மை வெளியே வந்தால் யாருக்கு நஷ்டம்? அந்தப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடக்கும். பவுனுத்தாய் வீட்டுக்குப் போவார். நல்லமாயனின் அப்பா மறுபடி உத்தமர் ஆவார். எல்லாருக்கும் நல்லது, என்னைத் தவிர. என்னிடம் இருந்ததே அந்த ஒரு எண்தான். அது ஒரு மனிதனே இல்லை, ஒரு சுவிட்சை அணைத்ததில் பிறந்த பிழை என்று என் கையாலேயே நான் எழுத வேண்டும். நான் ஏன் எழுத வேண்டும் என்று கோபம் கோபமாக வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் போய்க் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பன்னிரண்டாம் நாள் பவுனுத்தாய் ஒரு சின்னத் திருநீற்றுப் பொட்டலத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

"மேடம், நீங்களும் ஒரு தடவ வேண்டிக்கங்க. எம் மகளுக்கும் அந்தப் பையனுக்கும் ஒண்ணு வரணும்னு. ஒரே ஒரு ஒண்ணு வந்துட்டாப் போதும், மொட்டை போடுறேன்னு நேந்திருக்கேன்."

வாழ்நாள் முழுவதும் எந்தப் பதிலைப் பார்த்து நான் வெறுத்தேனோ அதற்காக ஒரு பெண் தலைமுடியைக் கொடுக்கத் தயாராக நின்றார். எனக்கு அவமானமாக இருந்தது. திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு, "திங்கக்கிழமை வாங்கம்மா. உங்க வீட்டுக்காரரையும் வரச் சொல்றேன். கண்டிப்பா முடிஞ்சிரும்," என்றேன். இந்த முறை பொய் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனிடம் சொன்னேன். சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொன்னேன். சாப்பிட்டுவிட்டுச் சொல்வது மோசடி என்று தோன்றியது.

"மெஷினுக்கு எண்ணு எங்கேருந்து வரும்? சீட்டுக் குலுக்கற மாதிரி உள்ளுக்குள்ள குலுக்கித்தான் எடுக்கும். ஆபரேட்டர் விசையைத் தட்டறப்ப ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் இடையில எவ்வளவு நேரம் ஆகுதோ, அதை வச்சுத்தான் குலுக்கல். ஆனா மெயினை ஆஃப் பண்ணினா எல்லாம் மறந்து போயிரும். காலையில போட்டதும் மொத எண்ணு, குலுக்கறதுக்கு முன்னாடி, எப்பவும் அதே எண்ணுதான். அதுக்கப்புறம் தட்டத் தட்ட மாறிரும். அதனால தினமும் மொத ஆளுக்கு மட்டும் அதே எண்ணு."

நல்லமாயன் அடுப்பை அணைத்தார்.

"மத்த ஊர்ல?"

"மத்த ஊர்ல யாரும் மெயினை ஆஃப் பண்ணலண்ணே. ஆர்டரை மறந்துட்டாங்க."

"நான் மறக்கல," என்றார்.

"நீங்க தப்பு ஒண்ணும் பண்ணல. சொன்னதைச் செஞ்சீங்க."

"அப்ப நீ?"

"நான் உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நாம எல்லாம் காலையில மொத ஆளா வந்தவங்க, அவ்வளவுதான்."

அவர் உள்ளே போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து படத்தை எடுத்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, பழைய ஆணியிலேயே மாட்டினார். அதன் முன்னால் நின்று, "என்னப் பெத்த அய்யா, மன்னிச்சுக்க," என்று குழந்தை மாதிரி விசும்பினார். மூன்று மாதமாகச் செத்த மனுஷனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அங்கே நிற்க உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. செருப்பை மாட்டினேன். வாசல் வரைக்கும் வந்தார்.

"பாத்துப் போங்க மேடம்," என்றார்.

பேருந்தில் எனக்கு அழுகை வரவில்லை. மேடம் என்ற சொல்லையே மென்றுகொண்டு வந்தேன். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தேன்.

அறிக்கையில் என் திருட்டையும் சேர்த்து எழுதினேன். ஒப்புப் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தப் பிழை தெரிந்தே இருக்காது என்பதால் எச்சரிக்கையோடு விட்டார்கள். பவுனுத்தாயின் கணவர் வந்தார். மகளின் எண்ணோடு அவருடைய எண் சேர்ந்தது. அவர் மனைவி முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பவுனுத்தாய் அவரோடு ஒரே ஸ்கூட்டரில் போனாரா, தனியாகப் போனாரா என்று எனக்குத் தெரியாது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

மேலக்கரட்டில் மெயின் அணைந்து விடிந்த காலைகளில் முதல் ஆளாக வந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். ஒரே எண்ணைச் சுமந்துகொண்டு ஒருவரை ஒருவர் அறியாமல் வாழ்ந்துவந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் புது எண் தர உத்தரவு வந்தது. தை மாதத்திலிருந்து நாளுக்கு நாற்பது பேர், எங்கள் அலுவலகத்திலேயே. புதிய மெஷின்களில் உள்ளேயே பேட்டரி இருக்கிறது, வெளியில் மின்சாரம் நின்றாலும் நினைவு அழியாது, இந்தப் பிழை இனி நேராது. அந்த வரியை அறிக்கையில் எழுதியதும் நான்தான்.

முதல் நாள் காலை எட்டு மணிக்கே நல்லமாயன் வாசலில் நின்றிருந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன். இளைத்திருந்தார். சட்டைப்பையில் அதே கண்ணாடிக் கூடு.

"மேடம், நான் போணி பண்றேன். எனக்கு அடுத்து நீங்க வைங்க," என்றார், மற்றவர்கள் காதில் விழும்படி மரியாதையாக.

"வரிசைப்படிதான் கூப்பிடுவாங்க."

"வரிசையில நீங்களும் மேலக்கரடுதான? ரெண்டாவதா நில்லுங்க. பெரியவன் கேக்குறேன்."

ஏன் கேட்கிறார் என்று புரியவில்லை. நின்றேன். முதல் கவுண்ட்டரில் அவர் விரலை வைத்தார். புது எண் வந்தது. கார்டை வாங்கிக்கொண்டு, கழிவறை எங்கே என்று காவலாளியிடம் கேட்டு, வராந்தாப் பக்கம் போனார். நான் கண்ணாடிக்கு முன்னால் போய் விரலை நீட்டினேன்.

விளக்குகள் அணைந்தன. மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. திரைகள் கறுத்தன. கூடத்தில் எல்லாரும் முணுமுணுத்தார்கள், காலங்காத்தாலேயே கரண்டா என்று யாரோ சலித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்ப வந்தது. ஆபரேட்டர் திரையைத் தட்டி எழுப்பி, என் விரலை வைக்கச் சொன்னார்.

மேஜைக்கு அடியில் இருந்த மெஷினை நான் பார்த்தேன். அதன் சின்னப் பச்சை விளக்கு அணையவே இல்லை. இருட்டான அவ்வளவு நேரமும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

கார்டை வாங்கிக்கொண்டு என் கவுண்ட்டருக்குத் திரும்பினால், வராந்தாவிலிருந்து நல்லமாயன் வந்துகொண்டிருந்தார். கையில் ஒட்டடை. வேட்டியில் துடைத்துக்கொண்டே என் கவுண்ட்டருக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"படிக்குக் கீழ இருக்கு உங்க மெயின் போர்டு," என்றார் ரகசியமாக. "ஆஃப் பண்ணி, பத்து எண்ணி, ஆன் பண்ணிட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணுதான் வந்துருக்கும். இந்தா என் கார்டு. ஒப்புப் பாரு தங்கச்சி."

முப்பது வருஷம் ஓர் உத்தரவைக்கூட மீறாத மனிதன், அரசாங்கக் கட்டடத்தில், காவலாளி கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு வந்து நிற்கிறார். அறுபத்தெட்டு வயதில் அவர் செய்த முதல் குற்றம் அது. நெற்றியில் வியர்வை. சரியாகச் செய்தோமா என்ற பதற்றத்தில் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்டை வாங்கி என் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவரே சம்மதித்துக் கொடுத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்போதுதான் சட்டப்படி ஒப்புப் பார்க்கப்போகிறேன். விரல் விசைக்கு மேலே போய் நின்றது. என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அடுத்த தடவை கால் முறிந்தாலும் அந்தக் கட்டத்தில் கோடுதான் போடுவார்கள்.

திரையை மூடினேன்.

"பாக்கலையா?"

"வேணாம்ணே."

"ஏன், சந்தேகமா? பத்து எண்ணினேன் தாயி, நிறுத்தித்தான் எண்ணினேன்."

"சந்தேகம் இருந்தாத்தான பாக்கணும்," என்றேன்.

அவருக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. கார்டை வாங்கிக் கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால் பத்திரமாகச் செருகிக்கொண்டார். முதல் கவுண்ட்டரில் மீதி முப்பத்தெட்டு பேர் வரிசை நகரக் காத்திருந்தார்கள். அவர் இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"ஞாயித்துக்கிழமை என்ன எடுக்கட்டும், கோழியா மீனா?"

"மீன் எடுங்கண்ணே," என்றேன். "வெங்காயம் நான் உரிக்கிறேன்."